தேதி போட்டுக் கட்டி வை!
(லாக் ஃபைல்களைப் பத்திரப்படுத்த ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்)



இந்தத் தடவை கம்ப்யூட்டர் பகுதிக்கு நான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிடிக்காதவர்களும் தயவுசெய்து கொஞ்சம் நின்று படிச்சுட்டுப் போங்க. இது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இல்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும்தான்.

நடந்தது என்ன?

2025 ஜனவரி 20. நான் அப்போது பிளஸ் ஒன். பிளஸ் டூ அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் லேபில் மாடல் பிராக்டிகல். எல்லோரும் புரோகிராம் எழுதி முடிச்சு 'சேவ்' கொடுத்தால், "டிஸ்க்கில் இடமில்லை" என்று வந்தது. ஒருத்தருக்கு இல்லை, அத்தனை பேருக்கும். மிஸ் அலுவலக அறைக்குப் போயிருந்தார்கள். "டேய், உனக்குத்தான் லினக்ஸ் தெரியுமே, ஏதாவது பண்ணுடா" என்று எல்லோரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சர்வரில் உட்கார்ந்து பார்த்தேன். நம் லேப் சர்வரில் இருப்பது பழைய 40 ஜிபி டிஸ்க். மாணவர் ஃபைல்களும் லாக் ஃபைல்களும் ஒரே இடத்தில் இருந்தன. லாக் மட்டும் 14 ஜிபி அளவுக்கு வீங்கிப் போயிருந்தது. "இதெல்லாம் சும்மா குப்பை" என்று நினைத்து, ஒரே கட்டளையில் எல்லா லாக்கையும் அழித்துவிட்டேன். சேவ் ஆயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து, 27-ம் தேதி, என் வகுப்புத் தோழி ஒருத்தியின் புராஜெக்ட் ஃபோல்டரைக் காணோம். கடைசியாக 6-ம் தேதி பார்த்ததாகச் சொன்னாள். அந்த மெஷினில் 9-ம் தேதி உட்கார்ந்தது பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் என்று வருகை நோட்டில் இருந்தது. உடனே "அவன்தான் அழிச்சிருப்பான்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவன் "நான் தொடவே இல்லை" என்று அழுதான்.

மிஸ் நிதானமாகக் கேட்டார்கள்: "யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். 9-ம் தேதி லாக்கை எடுங்க. யார், எப்போ, எந்த ஃபைலைத் தொட்டாங்கன்னு அதில் இருக்கும்."

எங்கே எடுக்க? 20-ம் தேதிக்கு முந்தைய லாக் எதுவுமே இல்லை. நான்தான் குப்பை என்று அழித்துவிட்டேனே!

அந்தத் தம்பி செய்தான் என்பதற்கும் சாட்சி இல்லை. செய்யவில்லை என்பதற்கும் சாட்சி இல்லை. மிஸ், "சாட்சி இல்லாமல் ஒருத்தரைக் குற்றம் சொல்லக்கூடாது" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு ரொம்ப நாள் அவன் லேப் பக்கமே வரவில்லை.

லாக் என்றால் என்ன?

லாக் என்பது கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. இத்தனை மணிக்கு இவர் உள்ளே வந்தார், இந்த ஃபைலைத் திறந்தார், இத்தனை மணிக்குக் கரண்ட் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேதியும் நேரமும் இருக்கும்.

இந்தப் பெயர் கப்பலில் இருந்து வந்தது. அந்தக் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் விடுவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் 'லாக்'. அதனால் அந்தப் புத்தகம் 'லாக் புக்' ஆயிற்று. கப்பல் வேகத்தை இன்றைக்கும் 'நாட்', அதாவது முடிச்சுக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

சரி, நம் லாக் ஏன் அப்படி வீங்கியது? தீபாவளி லீவுக்கு முன்னால் லேபில் இருந்த பிரின்டரைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். சர்வருக்கு அது தெரியாது. ராத்திரி பகலாக விநாடிக்கு 20 தடவை பிரின்டரைத் தேடி, ஒவ்வொரு தடவையும் "பிரின்டர் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 20-ஆல் பெருக்கினால் 17,28,000 வரி. ஒரு வரிக்கு 100 எழுத்து என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 173 எம்பி. 80 நாளில் கிட்டத்தட்ட 14 ஜிபி! அந்தப் பிரின்டர் அமைப்பை நிறுத்தியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அழிப்பதற்கு முன்னால் நான் ஒரு ஃபைலைத் திறந்து படித்திருந்தால் அது தெரிந்திருக்கும். படிக்கவில்லை.

அழிக்காதே, கட்டி வை

மிஸ் என்னைத் திட்டவில்லை. "வீட்டில் பழைய ரசீதுகளை என்ன பண்ணுவீங்க? மாசம் மாசமாக் கட்டி, மேலே தேதி எழுதிப் பரண் மேல் போடுவீங்கல்ல? அதையே இங்கேயும் பண்ணு" என்றார்கள். இதற்குத்தான் ஆர்க்கைவ் என்று பெயர். நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினோம். 'கட்டு' என்று பெயர் வைத்தோம். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை" என்று இரண்டு தேதி கொடுத்தால், அந்த நாட்களின் லாக்கை மட்டும் எடுத்து, ஒரே கட்டாகக் கட்டி, சுருக்கி, வேறு டிஸ்க்கில் வைத்துவிடும்.

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்க முறைமையிடம் செய்யச் சொல்லும் புரோகிராம். நம் சர்வரில் இருப்பது பாஷ். அதை பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதி 1989-ல் வெளிவந்தது. தினமும் தட்டுகிற கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். சமையல் குறிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

(குறிப்பு: கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பு மட்டும் எழுதியிருக்கிறேன். முழு ஸ்கிரிப்ட்டும் லேப் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.)

முதலில் பெயர் சரியா இருக்கணும்

எங்கள் முதல் வேலை ஸ்கிரிப்ட் எழுதுவது இல்லை, ஃபைலுக்குப் பெயர் வைப்பது. ஒரு நாளைக்கு ஒரு லாக். பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசை. உதாரணமாக லேப்-2025-07-14.

ஏன் நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரி 14-07-2025 என்று வைக்கக்கூடாது? அப்படி வைத்தால் அகர வரிசையில் 01-08-2025 முதலில் வந்து, 14-07-2025 பின்னால் போய்விடும். ஆகஸ்ட் முன்னே, ஜூலை பின்னே! வருடத்தை முதலில் வைத்தால் பெயர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகிவிடும். 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. நடுவில் இருக்கும் கோட்டை எடுத்துவிட்டால் 20250714 என்று ஒரு எண் கிடைக்கும். எந்தத் தேதி முன்னே, எது பின்னே என்று பார்க்க எண்களை ஒப்பிட்டாலே போதும்.

ஸ்கிரிப்ட் செய்யும் வேலைகள்

1. இரண்டு தேதி வந்திருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் "தொடக்கத் தேதி, முடிவுத் தேதி கொடுக்கவும்" என்று சொல்லி நின்றுவிடும்.

2. அவை உண்மையான தேதிகளா என்று பார்க்கும். இதற்கு 'டேட்' கட்டளை போதும். பிப்ரவரி 30 என்று கொடுத்தால் 'தவறான தேதி' என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் ஒரு ஏமாற்று இருக்கிறது. தேதியே கொடுக்காமல் காலியாக விட்டால் லினக்ஸில் உள்ள டேட் கோபித்துக்கொள்ளாது. இன்றைய தேதி என்று எடுத்துக்கொள்ளும்! அதனால் காலியா என்று நாம் தனியாகப் பார்த்தே ஆகணும்.

3. தொடக்கம் முடிவுக்கு முன்னால் இருக்கிறதா, முடிவு நேற்றோ அதற்கு முன்போ இருக்கிறதா என்று பார்க்கும். இன்றைய லாக்கைத் தொடக் கூடாது. அதில்தான் சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்.

4. தொடக்க நாளிலிருந்து ஒவ்வொரு நாளாகக் கூட்டிக்கொண்டே போகும். அந்த நாளின் ஃபைல் இருந்தால் பட்டியலில் சேர்க்கும். இல்லாவிட்டால் "இந்த நாள் இல்லை" என்று தனியாக எழுதி வைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் சர்வர் ஓடும் என்பதால், ஒரு நாள் விடுபட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

5. பட்டியலில் உள்ளவற்றை 'டார்' கட்டளையால் ஒரே கட்டாகக் கட்டும். அந்தக் காலத்தில் தகவலை டேப்பில்தான் சேமித்தார்கள். 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம்தான் டார். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது இருந்தது. டார் கட்டும், சுருக்காது. சுருக்குவது ஜீ-ஸிப். இது 1992-ல் வந்தது. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் "முன்னே சொன்னதே மறுபடியும்" என்று குறித்துவிட்டு இடத்தை மிச்சம் பிடிக்கும். லாக்கில் அப்படிப்பட்ட வரிகள்தான் அதிகம் என்பதால் நன்றாகவே சுருங்கும்.

6. கட்டு சரியா என்று சோதிக்கும். எண்ணிக்கை பட்டியலோடு ஒத்துப்போகணும். டார் கட்டளைக்கே உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதையும் ஓட்டுவோம்.

7. எல்லாம் சரி என்றால் மட்டுமே பழைய ஃபைல்களை அழிக்கும்.

இந்த ஏழில் எது முக்கியம் என்று கேட்டால் ஆறாவதுதான். யூனிக்ஸ் வகையில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 வந்தால் வெற்றி. வேறு எது வந்தாலும் ஏதோ கோளாறு. பரீட்சையில் பூஜ்யம் வாங்கினால் அடி விழும், இங்கே பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ்! அந்த எண்ணைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனால், கட்டு பாதியிலேயே உடைந்திருந்தாலும் ஸ்கிரிப்ட் அசராமல் மூல ஃபைல்களை அழித்துவிடும். அப்புறம் நான் செய்ததற்கும் அது செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

நாங்கள் விழுந்த குழிகள்

முதல் குழி: நகல் எடுத்தால் தேதி மாறும். பெயரில் தேதி இல்லாத பழைய ஃபைல்கள் சில இருந்தன. ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தை சர்வர் குறித்து வைத்திருக்கும், அதைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று நினைத்தோம். ஆனால் அவற்றை ஏற்கனவே வேறு இடத்துக்குச் சாதாரணமாக நகல் எடுத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்த நாளே தேதியாகிவிட்டது! பழைய நேரத்தைக் காப்பாற்றி நகல் எடுக்கத் தனி விருப்பம் உண்டு. தெரியாமல் போச்சு. கடைசியில் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, முதல் வரியில் உள்ள தேதியைப் பார்த்துப் பெயர் மாற்றினோம்.

இரண்டாம் குழி: "31 வரை" என்றால் எது வரை? தேதியை வைத்து ஃபைல் தேட 'ஃபைண்ட்' கட்டளை இருக்கிறது. அதில் ஜூலை 31 வரை என்று கொடுத்தால், 31-ம் தேதி பிறக்கிற நள்ளிரவு 12 மணி என்றுதான் எடுத்துக்கொள்ளும். 31-ம் தேதி பகல் முழுக்க விட்டுப்போகும். அதனால் "ஆகஸ்ட் 1 தொடங்கும் முன்பு வரை" என்று சொல்லணும்.

மூன்றாம் குழி: "7 நாளுக்கு மேல்" என்ற கணக்கு. ஃபைண்ட்டிடம் 'எம்டைம் +7' என்றால் அது 24 மணி நேரக் கட்டுகளாக எண்ணும். மிச்சத்தைத் தள்ளிவிடும். 7 நாள் 20 மணி நேரம் ஆன ஃபைலும் அதற்கு 7-தான். 7-க்கு மேல் ஆக வேண்டுமென்றால் முழுசாக 8 நாள் ஆகியிருக்கணும்.

நான்காம் குழி: யார் வீட்டுக் கடிகாரம்? சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. அதனால் சர்வருக்கு நம் அதிகாலை 5.30-க்குத்தான் புது நாள் பிறந்தது! பள்ளி நேரத்தில் இதனால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ராத்திரி 2 மணிக்கு நடந்தது முந்தைய நாள் லாக்கில் போய் உட்கார்ந்திருக்கும். இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டோம்.

ஐந்தாம் குழி: நிரம்பிய டிஸ்க்கில் கட்டவும் முடியாது. கட்டு தயாராகி, சோதித்து முடிக்கும் வரை மூல ஃபைலும் இருக்கும், கட்டும் இருக்கும். இரண்டுக்கும் இடம் வேண்டும். அதனால் கட்டு வேறு டிஸ்க்கில் போய் உட்காரணும். 100 சதவீதம் ஆகும் வரை காத்திருக்கவும் கூடாது.

ஆறாம் குழி: அழித்தும் இடம் வராது. ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை நாம் அழித்தால், பெயர் மட்டும்தான் மறையும். அந்தப் புரோகிராம் அதை மூடும் வரை இடம் திரும்பக் கிடைக்காது. "இன்றைய லாக்கைத் தொடாதே" என்பதற்கு இது இன்னொரு காரணம்.

உங்களுக்குத் தெரியுமா?

* லினக்ஸ் நேரத்தை விநாடிகளாகத்தான் எண்ணுகிறது. அதன் தொடக்கப் புள்ளி உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1, நள்ளிரவு. நமக்கு அப்போது காலை 5.30 மணி.

* அந்த விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு, 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண்ணிக்கை நிரம்பிவிடும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்கு இந்தப் பயம் இல்லை.

* இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு வெளியிட்டது. நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் லாக்கை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் குப்பை என்று சொன்னதை நாடே பத்திரப்படுத்தச் சொல்கிறது!

'லினக்ஸில் லாக்ரொட்டேட் என்று ஒன்று ஏற்கனவே இருக்கே?' என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. தினமும் அல்லது வாரா வாரம் லாக்கை மாற்றி, பழையதைச் சுருக்கி, ரொம்பப் பழையதை அழித்துவிடும். நல்ல கருவிதான். ஆனால் "முதல் பருவம் முழுக்க ஒரு கட்டு" என்று நமக்கு வேண்டிய தேதிகளுக்கு ஏற்றபடி கட்ட, நம் ஸ்கிரிப்ட்தான் வசதி.

இப்போது நிலைமை என்ன?

'கிரான்' என்ற நேரக்காப்பாளரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி காலை 10 மணிக்கு முந்தைய மாத லாக்கை அது தானே கட்டிவிடும். அந்த நேரத்தில் சர்வர் நின்றிருந்தால் கிரான் மறுபடி முயற்சி செய்யாது. அதனால் 6-ம் தேதி ஒருவர் போய்க் கட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யார் என்ன செய்தார்கள் என்ற விவரம் அதில் இருப்பதால், கட்டைத் திறக்கும் அனுமதி மிஸ்ஸுக்கு மட்டும்தான். வேடிக்கை பார்க்க யாரும் திறக்க முடியாது.

2025 ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தியின் அறிவியல் படங்களைக் காணோம். மறுபடியும் "யாரோ அழிச்சுட்டாங்க" என்று பேச்சு. மிஸ் ஜூலை கட்டிலிருந்து 14-ம் தேதி லாக்கை மட்டும் வெளியே எடுத்தார்கள். முழுக் கட்டையும் பிரிக்க வேண்டியதில்லை. அந்தத் தங்கையே அன்றைக்கு வேறு ஃபோல்டருக்கு மாற்றி வைத்தது அதில் இருந்தது. போய்ப் பார்த்தால் படங்கள் பத்திரமாக அங்கேயே இருந்தன. மொத்தம் ஐந்து நிமிஷம். யாரும் அழவில்லை.

ஜனவரியில் சந்தேகப்பட்ட அந்தத் தம்பி இப்போது பிளஸ் ஒன். அவனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைண்ணா" என்றான். அப்புறம் ஸ்கிரிப்ட்டைக் காட்டினேன். கவனமாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அண்ணா, இதை வச்சு அந்த 9-ம் தேதி லாக்கைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியாதுடா. கட்டி வைக்காததை எடுக்க முடியாது" என்றேன்.

இப்போது மாதாமாதம் 6-ம் தேதி கட்டைச் சரிபார்ப்பது அவன்தான். அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ போனிலோ "இடமில்லை" என்று வந்தால், அழிக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள். குப்பையா இல்லையா என்று படித்தால்தான் தெரியும்.

சந்தேகம் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் லேபுக்கு வரலாம். தப்பு இருந்தால் ஆசிரியர்கள் திருத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.



– பிளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு மாணவன்